வண்டியை விற்றுக் கொடுக்கச் சொன்ன தம்பிக்கு

இரண்டு நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாதவர்களுக்குக் காசு சேர்க்க, ஞாயிற்றுக்கிழமை குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கம் நம் பழைய கார் கிளப் வண்டிகள் வரிசையாக நின்ற படத்தைப் போட்டு, அந்தத் தம்பி என்ன எழுதினார் என்று எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பணக்காரங்க பொழுதுபோக்கு. நிஜமாவே உதவணும்னா காரை வித்துக் குடுக்க வேண்டியதுதானே." வெளியூர்க்காரர் யாராவது எழுதியிருந்தால் விட்டிருப்பேன். அதற்கு இதயம் போட்டவர்களில் பாதிப் பேர் நம் குன்னூர்க்காரர்கள். அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

தம்பி, விற்றால் ஒரு தடவை காசு வரும். ஓட்டினால் வருஷா வருஷம் வரும். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் கிளப் எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அப்போது நீங்கள் சின்னப் பிள்ளை. பெட்ஃபோர்டு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். அங்கே எப்போதும் வேலைக்கு நிற்கும் நாலு பழைய வண்டிகள். ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் ஒருவரின் ஃபியட், வெலிங்டனில் இருந்து ரிட்டயர் ஆன ராணுவக்காரர் ஒருவரின் ஜீப், அப்புறம் எங்கள் அம்பாசிடர். அங்கே டிங்கரிங் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கோயம்புத்தூருக்குப் போய்வர பஸ் காசு, கூடப் போகிற ஆளுக்குச் சாப்பாடு, இதற்கே அந்த வீட்டில் வழியில்லை. சரி, ஒரு ஞாயிறு வண்டிகளைக் கழுவித் துடைத்து ரோட்டோரம் நிறுத்துவோம், பார்க்க வருகிறவர்களிடம் கேட்போம் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு வந்தது 4,000 ரூபாய்ச் சொச்சம். கிளப் என்ற பேரெல்லாம் அதற்கப்புறம் வைத்ததுதான்.

அன்றைக்கு வைத்த அதே பிஸ்கட் டின்தான் இன்றைக்கும். மூடியில் உளியால் வெட்டிய ஓட்டை. விளிம்பு கையைக் கிழிக்கிறது என்று சுற்றிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறோம், வருஷத்துக்கு ஒரு தடவை அதை மாற்றுவோம். இந்த ஞாயிறு படகர் இனப் பாட்டி ஒருவர் வந்தார். வெள்ளை முண்டு, கையில் மஞ்சப்பை. எங்கள் வண்டி பானெட்டின்மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "இந்தக் கார்லதான் என்னைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்தாங்க" என்றார். இடுப்புச் சுருக்கை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த 20 ரூபாயை எடுத்து டின்னில் போட்டார். வெறும் டின்னை மட்டும் ரோட்டில் வைத்திருந்தால் அந்தப் பாட்டி நின்றிருப்பாரா? காரைப் பார்த்துத்தான் நின்றார். காரை விற்றுவிட்டு யாரைத் தம்பி நிற்கச் சொல்வது?

பணக்காரர்கள் என்கிறீர்கள். எங்கள் அப்பா டாக்ஸி டிரைவர். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் அந்த மார்க் 2 அம்பாசிடரை எடுத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். பர்லியாரில் நிறுத்தி, ஈரத்துணியைச் சுற்றி மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார். "ஏறின கியர்லயே இறங்கணும், பிரேக்கை நம்பாதே" என்பதுதான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டி, பிரசவ வலி என்றால் ஸ்வெட்டரைக்கூடத் தேடாமல் கிளம்பிவிடுவார். பனிக்காலத்தில் சோக்கை இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பயணங்களுக்கு அவர் காசு வாங்கி நான் பார்த்ததில்லை. அந்த வண்டியைத்தான் நீங்கள் விற்கச் சொல்கிறீர்கள்.

அவர் போனபிறகு டி போர்டை (டாக்ஸி பதிவை) ஓன் போர்டாக, அதாவது சொந்த வண்டியாக மாற்றி நான் வைத்திருக்கிறேன். அம்பாசிடர் உற்பத்தியை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு சாமானுக்குக் கோயம்புத்தூர் உக்கடம், அங்கே இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை என்று அலைகிறேன். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விஏ நம்பர், அதாவது பழம்பெரும் (விண்டேஜ்) வண்டி என்ற தனி நம்பர் வாங்கலாம், புதுப் பதிவென்றால் 20,000 ரூபாய். வாங்கினால் கண்காட்சிக்கும் ரேலிக்கும் எடுக்கலாம், வாடகைக்கு விட முடியாது. இதில் லாபம் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டட்டும்.

"புகை கக்குது" என்று இன்னொருவர். புகைச் சான்றிதழ் இல்லாமல் எந்த வண்டியும் எங்கள் வரிசையில் நிற்காது. 2025 சீசனில் நீலகிரிக்கு வருகிற வெளி வண்டிகளுக்கு, வார நாளில் ஒரு நாளைக்கு 6,000, சனி ஞாயிறில் 8,000 என்று இ-பாஸ் கொடுத்தார்கள். நாங்கள் இருபது வண்டி, வருஷத்தில் ஒருநாள், குன்னூரிலிருந்து ஊட்டி. புகை உங்களுக்கு எங்களிடம் மட்டும்தான் தெரிகிறதா?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். போன வருஷம் எங்களிடம் உதவிப் பணக் கவர் வாங்கிய அம்மாவின் முகம் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போட்டது தப்பு. அந்த அம்மாவின் மகன் வந்து சொன்னபிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அன்றே எடுத்துவிட்டோம், அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டோம். இந்த வருஷம் யாருக்குக் கொடுத்தோம் என்பதே வெளியே வராது. விளம்பரத்துக்குச் செய்கிறோம் என்று அதற்கப்புறமும் சொன்னால் நான் என்ன செய்ய?

"இப்ப ஊட்டியிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, உங்க காசு எதுக்கு" என்றும் கேட்டிருக்கிறார்கள். 700 படுக்கையோடு 2025-ல்தான் திறந்தார்கள், எங்களுக்கும் சந்தோஷம்தான். அதற்கு முந்தைய வருஷங்களில் வைத்தியத்துக்குக் கோயம்புத்தூருக்குக் கீழே இறங்கியவர்களை யார் கணக்கில் வைப்பது? அது மட்டுமா, 2009 நவம்பரில் நம் நீலகிரியில் மலை சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்களே, பஸ் போகவில்லை, ரயில் போகவில்லை. நாங்கள் பொழுதுபோக்குக்கு வைத்திருப்பதாகச் சொல்கிற அந்த ஜீப்தான் நாலு சக்கரமும் இழுக்க, சேற்றில் அரிசி மூட்டையையும் கம்பளியையும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் கொண்டுபோனது. ஓட்டினவர் இன்றைக்கு இல்லை. அவரையும் சேர்த்துத்தான் தம்பி நீங்கள் பணக்காரர் என்றீர்கள். அவர் மனைவி அந்தப் பதிவைப் படித்துவிட்டு எனக்கு போன் பண்ணினார். அண்ணி ஒன்றும் பேசவில்லை, அழுதார்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே பெட்ஃபோர்டு ஒர்க்‌ஷாப்பில், எங்கள் அம்பாசிடர் பானெட்டின்மேல் பேப்பர் விரித்து டின்னைத் திறக்கிறோம். சில்லறை நிறைய இருக்கும், எண்ண ஆள் போதாது. தம்பி, நீங்களும் வாங்க. டீ சொல்லி வைக்கிறேன்.