பாடியவர் பாட்டை விலைகொடுத்து வாங்கிய கதை

ஜமைக்காவின் ரெகே இசை பிடிக்கும் என்று சொன்ன மாத்திரத்தில், "பாப் மார்லிதானே?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுபவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த மார்லியே பீட்டர் டோஷோடும் பன்னி வெய்லரோடும் மூவர் குழுவாகப் பாடி வளர்ந்தவர்தான். அவர்களைப் போலவே மூன்று குரல்களை இழைத்துப் பாடிய எத்தனையோ ஜமைக்கக் குழுக்கள் உழைப்புக்கேற்ற கூலியின்றி அலைக்கழிந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

தி அபிசீனியன்ஸ் குழுவுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். பெர்னார்ட் காலின்ஸும், டொனால்ட், லின்ஃபோர்ட் மானிங் சகோதரர்களும் 1969இல் ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனின் ஸ்டுடியோ ஒன் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'சத்தா மாசகானா' பாடலைப் பதிவு செய்தார்கள். முன்குரல் அவசரமின்றி ஒரு வரியை எடுக்க, மற்ற இரண்டும் அதன் அடியில் வந்து சேரும்போது, கோயில் பிராகாரத்தில் நிற்பது போல உடம்பு அடங்கிப்போகும். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழிச் சொற்கள் கலந்த அந்தப் பாட்டு விலைபோகாது என்று தயாரிப்பாளர் காக்ஸன் டாட் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார். தாங்களே பாடிய பாட்டின் மூல நாடாவைத் தாங்களே காசு கொடுத்து வாங்கி, 1971இல் கிளிஞ்ச் என்னும் சொந்த இசைத்தட்டு லேபிளில் அவர்கள் வெளியிட்டார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. விலைபோகாது என்ற அதே டாட், உடனே அதன் இசைமீது தாளத்தோடு பேசிச் சேர்த்த டீஜே வடிவங்களையும் வாத்திய வடிவங்களையும் தம் பங்குக்கு வெளியிட்டார்! இதைப் படித்த நாளிலிருந்து என் மனம் ஆறவில்லை.

தட்டிக் கேட்கச் சட்டமாவது துணை நின்றதா? ஜமைக்கா தனக்கென ஒரு பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியதே 1993இல்தான். அதுவரை 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தை வைத்தே காலம் தள்ளினார்கள். பாடகர் கையில் ஒருமுறை கொஞ்சம் பணத்தைத் திணித்து அனுப்பிவிட்டு, நாடாவைப் பூட்டி வைத்துக்கொண்டவரே அதன் பிறகு வரும் பலனையெல்லாம் அனுபவிக்கும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது.

தி காங்கோஸ் என்னும் இன்னொரு மூவர் குழு பட்ட பாடு வேறு. செட்ரிக் மைட்டனின் உச்சக்குரலும் ராய் ஜான்சனின் நடுக்குரலும் வாட்டி பர்னெட்டின் கனத்த குரலும் சேர்ந்த அவர்களது முதல் தொகுப்பை, தயாரிப்பாளர் லீ பெர்ரி தம் பிளாக் ஆர்க் ஸ்டுடியோவில் உருவாக்கி 1977இல் உள்ளூரில் வெளியிட்டார். வெளிநாட்டில் அதை முறையாகக் கொண்டு சேர்க்க அன்று யாரும் முன்வரவில்லை. 1996இல் ஒரு பிரிட்டிஷ் மறுவெளியீட்டு லேபிள் அக்கறையோடு பதிப்பித்த பிறகே உலகம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அப்போது மைட்டன் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.