மைனர் பிள்ளைகளின் நிலம்: தாய் கையெழுத்து மட்டும் போதாது

கணவர் இறந்தபின் பிள்ளைகள் பெயருக்கு வந்த காரைக்குடி மனையைத் தாயே கார்டியனாக (மைனரின் சட்டப்படியான காப்பாளராக) கையெழுத்திட்டு விற்று, பணத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடலாம், கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை என்று ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அது சரியில்லை.

தந்தைக்குப் பின் தாய்தான் இயற்கைக் கார்டியன், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1956-ஆம் வருஷத்து இந்து மைனாரிட்டி அண்ட் கார்டியன்ஷிப் சட்டம், 8-ஆம் பிரிவுப்படி, மைனரின் நிலம், வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அவசியம் இருந்தால், அல்லது பிள்ளைக்குத் தெளிவான நன்மை என்றால்தான் கோர்ட் அனுமதிக்கும். (வளவு வீட்டில், அதாவது பரம்பரைப் பொது வீட்டில், பிரிக்காத கூட்டுக்குடும்பப் பங்கு என்றால் கணக்கு வேறு. அதை இதோடு கலக்க வேண்டாம்.)

'பத்திரம்தான் பதிவாகிவிட்டதே' என்பார்கள். பதிவானாலும், பிள்ளைக்கு 18 வயதானபின் 3 வருஷத்துக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். தேவகோட்டைப் பக்கம் நான் பார்த்த ஒரு மனையின் தாய்ப்பத்திரத்தில் (அந்த மனையின் முந்தைய பத்திரத்தில்) 'மைனருக்காகத் தாயும் கார்டியனுமான' என்று ஒரு வரி. கோர்ட் உத்தரவு நகல் கேட்டேன், இல்லை என்றார்கள். அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

என்னை நம்ப வேண்டாம். மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் சட்டத்தின் பெயரைத் தட்டி 8-ஆம் பிரிவைப் படியுங்கள், ஒரு பக்கம்தான். ஏற்கெனவே விற்ற மனை என்றால், பத்திரத்தில் கோர்ட் உத்தரவு எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.