ஒரு நாள் பின்னால் போகும் திகதி

கலியாண மண்டப முன்பதிவுப் பக்கத்தில் செப்டம்பர் 4ஐத் தெரிவு செய்தால், இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அதை யாழ்ப்பாண நள்ளிரவாகச் சரியாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால், சேமிப்பதற்காக, திகதியை யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எழுத்தாக மாற்றித் தரும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) கட்டளையை அழைத்ததும், நாங்கள் யூடிசியை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தி இருப்பதால், அது 3ஆம் திகதி 18:30 ஆகிவிடுகிறது.

இதைவிட எரிச்சலூட்டுவது, ‘2025-09-04’ என்று திகதியை மட்டும் கொடுத்தால் யூடிசி நள்ளிரவாகவும், கூடவே நேரத்தையும் எழுதினால் உள்ளூர் நேரமாகவும் வாசிக்கும் ஓரவஞ்சனைதான். யார் கேட்டார்கள் இதை? திகதி மட்டும் உள்ள வடிவம் எங்கள் திரையில் அதே நாள் காலை 5:30 என்று விழுவதால், பிழை இருப்பதே இங்கே தெரிவதில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மாமாவின் திரையிலோ அது முதல்நாள் இரவு எட்டு மணி, உடனே தொலைபேசி எடுத்து, “தம்பி, கலியாணம் மூண்டாந் திகதியோ, நாலாந் திகதியோ?” என்று கேட்கிறார்.