ஓய்வுபெறும் நாளன்று திறப்பைக் கொடுப்பது போதாது

யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவிட்டு, வருகிற பங்குனியுடன் ஓய்வுபெறவிருக்கிறேன். எழுதுவினைஞராகச் சேர்ந்து, கிளை முகாமையாளராகவும் பின்னர் பொது முகாமையாளராகவும் இருந்த இத்தனை காலத்தில், பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறிய விதத்தைப் பல தடவை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது ஒரே மாதிரித்தான் நடக்கிறது. பதவியிலிருந்தவர் ஓய்வுபெறும் நாளன்று மாலை, ஒரு திறப்புக் கோர்வையும் கையொப்பமிட்ட ஒப்படைப்புப் பட்டியலும் அடுத்தவரின் கையில் வைக்கப்படுகின்றன. தேநீர் விருந்தும் பொன்னாடையும் குழுப்படமும் முடிந்த மறுநாட் காலை, அந்த இளையவர் தனித்து நிற்கிறார்.

நானும் அப்படி நின்றவன். எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் நேர்மையானவர். கணக்கில் ஒரு சதமும் பிசகாதவர். ஆனால் எந்த மொத்த வியாபாரி எத்தனை நாள் தவணைக்குப் பொருள் தருவார், எந்தக் கிளையில் மாரி காலத்தில் அரிசியை எந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து தள்ளி அடுக்க வேண்டும், கணக்காய்வாளர் எழுப்பும் எந்த ஐயவினாவுக்கு முன்னரே என்ன பதில் அனுப்பப்பட்டது என்பவை எந்தக் கோவையிலும் இருக்கவில்லை. அவை அவருடைய மனத்தில் இருந்தன. அவருடனேயே வீட்டுக்குப் போய்விட்டன. முதல் ஆறு மாதங்கள் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஒருபோதும் சலித்துக்கொள்ளவில்லை. இருந்தபோதிலும், இரண்டு ஆண்டுகள் அவருடைய மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த எனக்கு இவற்றில் ஒன்றேனும் தெரியாதிருந்தது ஏன் என்ற கேள்வி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

இந்தக் குறை எல்லா ஊர்களிலும் இருக்கலாம். எங்கள் ஊரில் அது கூடுதலாக வலிப்பதற்குக் காரணம் உண்டு. இன்று நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் இருந்து, நடுநிலைப் பொறுப்புகளைத் தாங்கியிருக்க வேண்டியவர்களில் எத்தனையோ பேர் போரில் இறந்தார்கள். எத்தனையோ பேர் நாட்டை விட்டுப் போனார்கள். ஆகவே பல அலுவலகங்களில் அறுபதை அண்மித்த ஒருவருக்கு அடுத்ததாக முப்பதை எட்டாத ஒருவரே இருக்கிறார். நடுவில் ஏணிப்படிகள் இல்லை. அரச துறையில் இது 2022 இறுதியில் எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிந்தது. ஓய்வு வயது 65 என்று அறிவித்து ஓராண்டு செல்வதற்குள் மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட்டதால், அந்த எல்லையைக் கடந்திருந்தவர்கள் டிசம்பர் 31 ஆம் திகதி ஒன்றாக வெளியேறினார்கள். தை மாதத்தில் சில அலுவலகங்களுக்கு ஒரு சிறு கடிதம் பெறச் சென்றவர்களுக்குக்கூட, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்ற பிள்ளைகளின் முகம் நினைவிருக்கும்.

இதற்கு எங்களிடம் வழமையாக இருக்கும் மருந்து செயலமர்வு. இரண்டு நாள் விடுதி மண்டபம், தலைமைத்துவம் பற்றிய விரிவுரை, மதிய உணவு, சான்றிதழ். நான் செயலமர்வுகளுக்கு எதிரானவன் அல்லன். ஐந்தொகையை வாசிக்கவும் சட்டக்கோவையை விளங்கவும் வகுப்புத் தேவை. ஆனால் சான்றிதழுடன் திங்கட்கிழமை திரும்பி வருகின்ற இளையவருக்கு, ஒரு பெட்டி கடதாசி வாங்குவதற்கும் என் கையொப்பம் வேண்டுமென்றால், அந்த இரண்டு நாளில் அவர் கற்றது எங்கே பயன்படும்? இதே பிள்ளைகள் தங்கள் ஊரில் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒருவர் விளையாட்டுக் கழகத்தின் பொருளாளர். இன்னொருவர் மாதர் சங்கச் செயலாளர். மற்றொருவர் கோயில் திருவிழாவில் ஆயிரம் பேருக்கான அன்னதானத்துக்குக் காய்கறி வாங்குவதிலிருந்து பந்தி முடியும்வரை முன்னின்று நடத்துகிறவர். அலுவலக வாசலுக்குள் வந்ததும் அவர்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பவர்களாக மாறுகிறார்கள் என்றால், குறை அவர்களிடம் இல்லை.

முற்காலத்தில் எங்கள் கூட்டுறவுக்குள்ளேயே இத்தகைய களம் இருந்தது. ஊருக்கொன்றாக இருந்த சிறு சங்கங்களில் இளைஞர் ஒருவர் காசேடு எழுதி, கூட்டக் குறிப்பு வாசித்து, ஊர்ப் பெரியவரிடம் கடன் நிலுவையைக் கேட்கும் துணிவையும் அங்கேயே பழகினார். மூளாயில் ஒரு கூட்டுறவு வைத்தியசாலையை 1930 களிலேயே உருவாக்கிய இயக்கம் அப்படி வளர்ந்ததுதான். 1970 களின் தொடக்கத்தில் சிறு சங்கங்கள் பெரிய பலநோக்குச் சங்கங்களாக இணைக்கப்பட்டபோது நிர்வாகம் வலுப்பெற்றது என்பதை நான் மறுக்கவில்லை. அதேவேளை, இளையவர் சிறு பொறுப்பில் பழகுவதற்கு இருந்த நூற்றுக்கணக்கான கதிரைகளும் இல்லாமற் போயின.

மூன்று ஆண்டுகளுக்கு முன், எங்கள் சங்கத்தின் கிராமிய வங்கியில், நகையை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கும் அடைவுப் பிரிவில் இருந்த இளம் பெண் அலுவலர் ஒருவர் ஒரு கோவையுடன் என்னிடம் வந்தார். புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், ஏற்கெனவே அடைவிலிருந்த இரண்டு காப்புகளின் மேல் மேலதிகமாகப் பணம் கேட்டிருந்தார். வெங்காய நடுகைக்காலம். பவுணின் விலை ஏறியிருந்ததால், சங்கத்தின் பணிப்பாளர் சபை விதித்த எல்லைக்குள் கணிசமான தொகை கொடுக்க இடமிருந்தது.

“சேர், எவ்வளவு குடுக்கலாம்?”

“நீர் என்ன நினைக்கிறீர்?”

“நீங்கள் சொன்னால் சரி சேர்.”

“நான் இண்டைக்கு இஞ்சை இல்லை எண்டு நினைச்சுச் சொல்லும், பிள்ளை.”

அவர் சிறிது நேரம் கோவையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், கேட்ட தொகையில் ஏறக்குறைய அரைவாசியே இப்போது கொடுக்க வேண்டும் என்றார். ஐந்து அந்தர் விதை வெங்காயத்துக்கும் நடுகைக் கூலிக்கும் அது போதும். மிகுதியைக் களை எடுக்கும் காலத்தில் வந்து எடுக்கலாம். முழுவதையும் இன்றே எடுத்தால் வட்டியும் இன்றிலிருந்தே ஏறும். மழை பிழைத்தால் காப்புகள் ஏலத்துக்குப் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருடைய வீட்டிலும் வெங்காயம் செய்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். நானாக இருந்தால், நகைக்கு மதிப்பு இருக்கிறது, விதி இடம் தருகிறது என்று முழுத் தொகையையும் கொடுத்திருப்பேன். என்னுடைய முடிவுக்கு மாறான அந்த முடிவின் கீழ் என் கையொப்பத்தை இட்டு, அந்த அம்மாவிடம் அவரையே சென்று விளக்கச் சொன்னேன். அந்தக் கையொப்பத்தை இடுவது எனக்கு எளிதாக இருக்கவில்லை. தன் கருத்துக்கு ஒத்துவரும்போது மட்டும் இளையவருக்கு அதிகாரம் கொடுப்பவர், உண்மையில் எதையும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

எல்லா முடிவும் இப்படி நன்றாக அமையும் என்று நான் சொல்ல வரவில்லை. தைப்பொங்கற் கொள்வனவை ஒரு முறை இளம் கிளை முகாமையாளர் ஒருவரிடம் முழுமையாக ஒப்படைத்தோம். அவர் பயறும் சர்க்கரையும் தேவைக்கு மிஞ்சி எடுத்துவிட்டார். பொங்கல் முடிந்தபின் பயற்றில் வண்டு விழத் தொடங்கியது. நட்டத்தை அவருடைய சம்பளத்திலிருந்து அறவிட வேண்டும் என்று சபையில் சிலர் கேட்டார்கள். கொள்வனவுக் கட்டளையைப் பார்த்தும் தடுக்காதவன் நான் என்பதால் பொறுப்பு என்னுடையது என்று சபையில் கூறி, அந்த அறவீட்டை நிறுத்தினேன். களவுக்கும் கவலையீனத்துக்கும் அறவீடு வேண்டும். கணிப்புத் தவறியதற்கும் அதே தண்டனை என்றால், அதன்பின் எந்த இளையவரும் தானாக ஒரு கட்டளையில் கையொப்பமிட மாட்டார். மறு ஆண்டு அவர் முந்திய மூன்று ஆண்டுகளின் தை மாத விற்பனையைக் கிளை வாரியாக எழுதிக்கொண்டு வந்து, அதன் பிறகே கட்டளையை நிரப்பினார். அந்தத் தாளின் பிரதி இப்போது எல்லாக் கிளைகளிலும் இருக்கிறது.

“எங்களுக்கு யார் பழக்கினார்கள்? நாங்களே பழகவில்லையா?” என்று என் வயதினர் கேட்கிறார்கள். உண்மைதான். 1995 ஒக்டோபர் இடம்பெயர்வின்போது, முகாமையாளர் எங்கே என்று தெரியாத நிலையில், தென்மராட்சியில் ஒரு நிவாரண விநியோக மேசையை நான் தனியாக நடத்தினேன். முடிவெடுக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த நாட்களில் என் பிழையால் வெறும் பையுடன் திரும்பிய குடும்பங்களும் உண்டு. அவர்களின் முகங்களை நான் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தை இன்றைய பிள்ளைகளுக்கு நான் விரும்பமாட்டேன்.

பழக்கிவிட்டால் கனடாவுக்குப் போய்விடுவார்கள் என்பது இன்னொரு கவலை. போகிறார்கள், நான் பழக்கியவர்களிலும் இருவர் போனார்கள். அதனால் ஒரு பொறுப்புக்கு இருவரைப் பழக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். பத்து ஆண்டுகளாக “பதில் முகாமையாளர்” என்ற பெயருடன், சம்பள உயர்வும் இல்லாமல், முடிவெடுக்கும் உரிமையும் இல்லாமல் இருத்தப்பட்டவர் விசாவுக்கு விண்ணப்பித்தால், அதை நன்றிகெட்ட செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்களின் நிலை இதிலும் கடினம். எங்கள் கருமபீடங்களில் பெரும்பாலும் அவர்களே இருக்கிறார்கள். சபைக் கூட்டம் என்றதும் “தம்பியை அனுப்புவம்” என்கிறோம். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைக்காமல் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்தாலே பாதித் தடை நீங்கிவிடும். எங்கள் சங்கத்தில் அப்படி மாற்றியிருக்கிறோம்.

அடைவுப் பிரிவில் இருந்த அந்த அலுவலரே எனக்கு அடுத்ததாகப் பொறுப்பேற்கவிருக்கிறார். கடந்த சித்திரை முதல் கணக்குகளின் மீதிகளைத் தொகுத்துச் சரிபார்க்கும் மாதாந்தப் பரீட்சை மீதியைச் சபையில் அவரே விளக்குகிறார். நான் மேசையின் மறு கரையில், கேட்டால் மட்டும் பேசுகிறவனாக இருக்கிறேன். ஐயவினாக்களுக்கான பதில்களை அவர் எழுத, மற்றொரு இளையவர் சரிபார்க்கிறார். வியாபாரிகளின் தவணை விபரங்கள் முழுவதையும் இருவரும் என்னைக் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி முடித்துவிட்டார்கள். பெட்டகத்துக்கு இரண்டு திறப்புகள். என்னிடம் இருந்த திறப்பு கடந்த ஆவணியிலிருந்து அவரிடம் இருக்கிறது. இன்று காலையும் நான் அலுவலகத்துக்குச் சென்றபோது, அவர்கள் பெட்டகத்தைத் திறந்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.