பேய்க்கு நாள் வாடகை பத்து ரூபாய்

(மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு டிவி ரிப்பேர் கடை. கடைக்காரர் முருகேசனுக்கு அறுபது தாண்டிவிட்டது. கண்ணாடி நெற்றியில் இருக்கிறது. அதை மேஜை மேல் தேடிக்கொண்டிருக்கிறார். ஐம்பது வயது பாஸ்கர், கேசட் போட்டுப் படம் பார்க்கும் பழைய வீடியோ டெக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருகிறார்.)

பாஸ்கர்: அண்ணே, இதை எப்படியாவது ஓட வச்சுக் கொடுங்க.

முருகேசன்: ஓட வைக்கலாம் தம்பி. போன வாரம் ஒருத்தர் இதே மாதிரி கொண்டு வந்தார். செலவைச் சொன்னேன், டெக்கை எனக்கே கொடுத்துட்டுப் போயிட்டார்.

பாஸ்கர்: என் மகளுக்கு ஈவில் டெட் பேய்ப்படம் காட்டணும்ண்ணே. 1981ல் வந்ததே, அந்த ஒரிஜினல். போனில் போட்டுக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரிக்கிறா. ரத்தம் கொட்டினா "அப்பா, இது ரோஸ்மில்க்"ங்கிறா.

முருகேசன்: ரோஸ்மில்க் இல்லை, சோளப்பாகு. அதில் கலர் கலந்து ஊத்தினாங்க. ஹீரோ புரூஸ் கேம்பல் சட்டை அதில் ஊறிடுச்சு. நெருப்புப் பக்கத்தில் காய வச்சு மறுபடி போடப் போனா, சட்டை விறைச்சு உடைஞ்சே போச்சாம்.

பாஸ்கர்: அதெல்லாம் எனக்கு எதுக்குண்ணே? போனில் எல்லாம் பளிச்சுன்னு தெரியுது, அதான் பயம் வரலை. படத்தில் கோடு ஓடணும், புள்ளி விழணும், நடுவில் ஒரு தடவை ஆடி நிக்கணும்.

முருகேசன்: அப்போ ஓடினது காப்பிக்குக் காப்பி தம்பி. எது பேய், எது ஆளுன்னு வாடகைக்கு விட்ட எங்களுக்கே தெரியாது.

பாஸ்கர்: சரி, காட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒண்ணு தரையோட தரையா வீட்டைப் பார்த்துப் பாயுமே. அது பயம் இல்லையா?

முருகேசன்: அது பலகை.

பாஸ்கர்: என்னது?

முருகேசன்: நீளமா ஒரு பலகை. நடுவில் கேமராவைக் கட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர் ஓடியிருக்காங்க. டைரக்டர் சாம் ரைமிக்கு அப்போ இருபது, இருபத்தொரு வயசு. கையில் காசு கிடையாது.

பாஸ்கர்: இத்தனை வருஷமா நான் பலகைக்கா பயந்தேன்?

முருகேசன்: பலகைக்கும், ரெண்டு ஆளுக்கும். இன்னொண்ணு, அந்த ரைமி 'த்ரீ ஸ்டூஜஸ்' பைத்தியம். ஒருத்தன் கண்ணில் ஒருத்தன் குத்தி, மண்டையில் தட்டிச் சிரிக்க வைப்பாங்களே, அந்த மூணு பேர். உங்க மகள் சரியான இடத்தில்தான் சிரிச்சிருக்கு.

(டெக்கின் மூடி கழல்கிறது. பெல்ட் உருகி முருகேசன் விரலில் கருப்பாக ஒட்டுகிறது. புது பெல்ட் மாட்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஹெட்டைத் துடைக்கிறார். குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவதுபோல் அத்தனை பக்குவம்.)

முருகேசன்: கேசட் இருக்கா?

பாஸ்கர்: (பையிலிருந்து எடுத்து) பரணில் கிடந்தது. லேபிள் கிழிஞ்சுபோச்சு.

முருகேசன்: ஈ-180. மூணு மணி நேரம். (போடுகிறார்.) அட, மைக்கேல் ஜாக்சன்!

பாஸ்கர்: திரில்லர்! அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. (ஸ்டூலை ஓரங்கட்டுகிறார். இரண்டு கையையும் நகம் மாதிரி வளைத்து வலது பக்கம் தூக்குகிறார். இடது பக்கம் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்.) ஸ்கூல் ஆண்டு விழாவில் ஆடினேன்.

முருகேசன்: இடுப்புக்கு அது தெரியலை போலிருக்கு. உட்காருங்க. பாட்டு 1982, வீடியோ 1983. ஏறக்குறைய 14 நிமிஷம் ஓடும். ஜான் லேண்டிஸ் எடுத்த ஓநாய் மனுஷன் படத்தைப் பார்த்துட்டு, அந்த ஆளையே கூப்பிட்டு எடுக்கச் சொன்னார் ஜாக்சன். மேக்கப்புக்கும் அந்தப் படத்தில் வேலை செய்த ரிக் பேக்கர்தான்.

பாஸ்கர்: ஆரம்பத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுத்து வருமே?

முருகேசன்: "இந்தப் படம் பேய், மாந்திரீக நம்பிக்கையை எந்த வகையிலும் ஆதரிக்கவில்லை"ன்னு அவரே போட்டிருக்கார்.

பாஸ்கர்: பாவி மனுஷன்! அதைத் தமிழில் போட்டிருந்தா, நான் ராத்திரியில் பாத்ரூம் போக எங்க பாட்டியை எழுப்பியிருக்க மாட்டேனே.

(வீடியோ முடிந்து படம் தொடங்குகிறது. கோடு ஓடுகிறது, புள்ளி விழுகிறது. பாஸ்கர் முகத்தில் பரம திருப்தி.)

பாஸ்கர்: இதுண்ணே! எங்க தெருவில் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து ஓடிட்டாங்க. கடைசி வரைக்கும் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

முருகேசன்: கடைசியில் என்ன ஆகும்?

பாஸ்கர்: ஹீரோ தப்பிச்சு... வெளியே வந்து... பஸ் ஏறிப் போயிடுவான்.

முருகேசன்: நடுக்காட்டில் பஸ்ஸா?

பாஸ்கர்: அமெரிக்காவில் இருக்கும்ண்ணே.

(முருகேசன் ஒன்றும் சொல்லாமல் ஃபாஸ்ட் ஃபார்வர்டு அழுத்துகிறார். பேய் வாயைத் திறக்கிறது. திரை ஒரு துள்ளு துள்ளி, 'வயலும் வாழ்வும்'. ஒருவர் நெல் வயலில் நின்றுகொண்டு யூரியா போடும் முறையை விளக்குகிறார்.)

பாஸ்கர்: அப்பா!

முருகேசன்: இவரா?

பாஸ்கர்: இவர் இல்லை, எங்க அப்பா வேலை இது. டைமர் வச்சு ரெக்கார்டு ஆகுதான்னு பரிசோதனை பண்றேன் பண்றேன்னு அலைவார்.

முருகேசன்: அழியக் கூடாதுன்னு கேசட் முதுகில் பிளாஸ்டிக் காதை உடைச்சு வச்சிருந்தா, மறுபடி ரெக்கார்டு ஆக அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டியிருக்கார். கெட்டிக்காரர். ஆக, கிளைமாக்ஸை நீங்க பார்க்கவே இல்லை. வெளியே வருகிறவன் மேல் அந்தக் காட்டுப் பேய்தான் பாயும்.

பாஸ்கர்: மறுபடியும் பலகையா?

(யூரியாவை எத்தனை தவணையாகப் போடவேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் ரெக்கார்டிங் தீர்ந்துவிடுகிறது. திடீரென்று டாம் பூனை வாலைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. பாஸ்கர் துள்ளி எழுந்து முருகேசன் கையைப் பிடித்துக்கொள்கிறார்.)

முருகேசன்: டாம் அண்ட் ஜெர்ரி தம்பி. அந்த அலறல், பூனையையும் எலியையும் உருவாக்கின ரெண்டு பேரில் வில்லியம் ஹன்னாவோட சொந்தக் குரல். ஈவில் டெட்டுக்குக் காலாட்டிக்கிட்டு இருந்தீங்க, இதுக்குக் கையைப் பிடிக்கிறீங்க!

பாஸ்கர்: திடீர்னு கத்தினா? ஆமா, பேய்ப்படக் கேசட்டில் இது எதுக்கு?

முருகேசன்: பிளாங்க் கேசட் விலை அப்படி. படம் 85 நிமிஷம், ஜாக்சன் 14. மீதி டேப்பை யார் சும்மா விடுவாங்க? கூட்டம் சேர முதலில் பாட்டு, அப்புறம் பேய். பேய் முடிஞ்சதும் பூனை, எலி. அதைப் போடலைன்னா ஒருத்தனும் எழுந்து தன் வீட்டுக்குப் போகமாட்டான். விடிய விடிய அங்கேயே உட்கார்ந்திருப்பான். (நிறுத்துகிறார்.) இந்த வரிசையை மதுரையில் போட்டவன் நான் ஒருத்தன்தானே?

(கண்ணாடி ஒருவழியாக மூக்குக்கு இறங்குகிறது. கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் தூக்கி உள்ளே பார்க்கிறார்.)

பாஸ்கர்: அண்ணே, நேரமாச்சு, நான் நாளைக்கு வர்றேன்...

முருகேசன்: நில்லுடா. நம்பர் 214, பச்சை மை. 1990ல் போன கேசட். நாள் வாடகை பத்து ரூபாய்.

பாஸ்கர்: கடையை மூடிட்டீங்கன்னு நினைச்சேன்.

முருகேசன்: கேசட்டெல்லாம் திரும்பி வரலை, மூடினேன். அதுவும் கிளைமாக்ஸில் யூரியா போட்டுக் கொண்டு வந்திருக்கே.

பாஸ்கர்: மன்னிச்சுக்கோங்கண்ணே. கேசட்டை நீங்களே வச்சுக்கோங்க. இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் வாடகைக்குக் கொடுங்க. மகள் அந்த ஜாக்சனையாவது பார்க்கட்டும்.

முருகேசன்: டெபாசிட் ஐந்நூறு. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வேணும்.

பாஸ்கர்: நான் பழைய மெம்பர்ண்ணே!

முருகேசன்: பழைய மெம்பர்களுக்குக் கொடுக்கிறதில்லை.