எங்கள் ஊரில் நின்றால் அங்கே அழியாதா?

மடகஸ்கரில் ஒரு பெருக்கமர (பேயோபாப்) இனம் அழியப் போகிறது என்று நான் போட்ட பதிவின் கீழ் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "எங்கட மன்னார் பள்ளிமுனையில நிக்குது, அது எப்பிடி அழியும்?" என்று ஒருவர். சரி, தெரியாமல் கேட்கிறார் என்று, அது வேறு இனம், இது வேறு இனம் எனப் பொறுமையாக விளக்கம் எழுதினேன். உடனே இன்னொருவர் வந்து "மரத்திலயும் சாதி பார்க்கிறீங்களோ?" என்கிறார். அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

திரும்பவும் சொல்கிறேன். பெருக்கமரம் ஒன்றல்ல, எட்டு இனம். ஆறு மடகஸ்கரில் மட்டும், ஒன்று வடமேற்கு ஆஸ்திரேலியாவில், மற்றது ஆப்பிரிக்கப் பெருநிலத்தில். மன்னாரில் நிற்பது அந்த ஆப்பிரிக்க இனம், அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். அதற்கு ஆபத்து என்று நான் எழுதவே இல்லை. நான் எழுதியது மடகஸ்கரின் வடக்கு முனையில், அன்ட்சிரனானாவைச் சுற்றி மிஞ்சி நிற்கிற சுவாரெசென்சிஸ் இனத்தைப் பற்றி.

எட்டு இனங்களின் மரபணுக்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2024இல் நேச்சர் இதழில் வந்தது. சுவாரெசென்சிஸிலும், மடகஸ்கரின் மேற்கே மொரொண்டாவா சாலையில் எல்லாரும் படம் பிடிக்கிற கிராண்டிடியெரி இனத்திலும் மரத்துக்கு மரம் மரபணு வேறுபாடு குறைவு. ஒரு மரத்தைச் சாய்க்கிற வறட்சி பக்கத்து மரத்தையும் சாய்க்கும், தாக்குப்பிடிக்கிற கன்று கூட்டத்தில் இருந்தால்தானே மிஞ்சும்? காலநிலை இப்படியே போனால் 2080க்கு முன்பே சுவாரெசென்சிஸ் இல்லாமல் போகலாம் என்கிறார்கள். இதிலே சிரிக்க என்ன இருக்கிறது?

"இனங்கள் ஒன்றோடொன்று கலந்ததாக அதே ஆய்வு சொல்கிறதே" என்பீர்கள். சொல்கிறது. ஏறக்குறைய 2 கோடி ஆண்டு வரலாற்றில் கலப்பு நடந்திருக்கிறது, அதனால் எட்டும் ஒன்றாகிவிடவில்லை. "எங்கட விதையை அங்க கொண்டுபோய் நட்டால் சரிதானே" என்றும் ஒருவர். எங்கள் மரத்தில் மரபணுக்களைத் தாங்குகிற நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) நான்கு தொகுதி, மற்ற ஏழு இனங்களிலும் இரண்டுதான். நட்டால் எங்கள் மரம்தான் வளரும், அவர்கள் இழந்தது திரும்பி வராது. எத்தனை முறை சொல்வது, எங்கள் ஊரில் நிற்பது வேறு மரம்!

மன்னாரில் பிறந்துவிட்டு எங்கள் மரத்தைக் குறைத்துப் பேசுகிறேனாம். இதுதான் சுட்டது. சின்ன வயதில் அந்தக் காயைக் கல்லில் அடித்து உடைப்போம், மேலே இருக்கிற மயிர் விரலெல்லாம் ஒட்டும், உள்ளே நாருக்கு நடுவில் மாவு மாதிரி வெள்ளைச் சதை. பல் கூசுகிற புளிப்பு. கொட்டையைச் சூப்பித் துப்பிக்கொண்டே வீடு வருவோம். அந்த மரத்தின்மேல் எனக்குப் பாசம் இல்லையா? அந்தப் பாசத்தில்தானே அதன் சொந்தங்கள் எங்கெங்கே நிற்கின்றன, எப்படி நிற்கின்றன என்று தேடிப் படிக்கப் போனேன்.

ஊர்ப்பற்றைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்த தம்பிமாரே, அந்தப் பட்டையில் கத்தியால் பெயர் வெட்டுகிறவனை ஒருநாளாவது நிறுத்திக் கேட்டிருக்கிறீர்களா? அவனிடம் போய்க் கேளுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்.