மிச்சிகன் ஸ்டேடியமும் அந்த ஒரு சீட்டும்

பணம் வந்ததும் அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பாரம்பரியம் எல்லாம் போச்சுன்னு எழுதியிருக்கீங்க, பாதிதான் சரி சார். மிச்சிகன் யுனிவர்சிட்டியோட மைதானம், மிச்சிகன் ஸ்டேடியத்தையே எடுங்க, 1927ல தொறந்தப்போ 72,000 சீட்டு, இப்ப 1,07,601, 2010ல வசதியானவங்களுக்கு தனி பாக்ஸ் கட்டி பெர்மனன்டா லைட்டும் போட்டாங்க, 2011லதான் அங்க முதல் நைட் கேமே நடந்துச்சு. ஆனா பின்னாடி சேர்ந்து சீட்டு எண்ணிக்கையோட கடைசில நிக்குற அந்த '1' மட்டும் மாறல, அது பழைய கோச் ஃபிரிட்ஸ் கிரைஸ்லரை கௌரவிக்க வச்ச சீட்டு, எங்க இருக்குன்னு சொல்லவே மாட்டாங்க 😀 பாரம்பரியம் புதுசாவும் பொறக்குது, அயோவா யுனிவர்சிட்டியோட கின்னிக் ஸ்டேடியத்துல 2017லேர்ந்து ஆட்டத்தோட முதல் கால் பகுதி (குவார்ட்டர்) முடிஞ்சதும் மொத்த கூட்டமும் திரும்பி பக்கத்துல இருக்குற குழந்தைங்க ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்து கை ஆட்டுது, எதிர் டீம்காரங்களும்தான். டிக்கெட் விலையத் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டறேன்.